பயாப்ஸி ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள்: அம்மாவின் சினைப்பைப் புற்றுநோயில் நாங்கள் கற்றுக்கொண்டது

அம்மாவுக்கு 42 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று போனார், எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தாயிற்று. எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த வயதுப் பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். அதனால் 2021 நவம்பரில் ஸ்கேன் பார்த்த டாக்டர் சினைப்பையில் கட்டி இருக்கிறது, வயிற்றில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்று சொன்னபோது, நாங்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: கர்ப்பப்பைதான் இல்லையே, அப்புறம் எப்படி?

கர்ப்பப்பையை எடுத்தார்கள், சினைப்பையை விட்டுவிட்டார்கள். அது வேறு உறுப்பு, அதில் வருவது வேறு நோய். இது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பெண்களுக்கு அடிவயிற்றில் எந்தப் புற்றுநோய் வந்தாலும் நம் வீடுகளில் கர்ப்பப்பை கேன்சர் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கர்ப்பப்பை வாயில் வருவது ஒன்று, கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது இன்னொன்று, சினைப்பையில் வருவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு, செய்ய வேண்டிய டெஸ்ட் வேறு. கர்ப்பப்பை வாய்க்குச் செய்கிற பாப் ஸ்மியர் டெஸ்ட் சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்காது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடுகிற எச்பிவி தடுப்பூசி இதைத் தடுக்காது. உறவினர் ஒருவருக்கு இந்த மருந்து கேட்டது, உங்களுக்கும் அதையே கேளுங்கள் என்று யாராவது சொன்னால், எந்த இடத்துப் புற்றுநோய் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா தையல்காரர். முப்பது வருடமாக வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தவர். நோய் தெரிவதற்கு முந்தைய நான்கு மாதம் வயிறு உப்புகிறது, இரண்டு இட்லி சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து டவுன் கிளினிக்கில் கேஸ் பிரச்சனை என்று மூன்று தடவை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்து அம்மாவின் பீரோவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பாவாடைகளின் இடுப்புப் பட்டியைப் பிரித்து இரண்டு விரல் அகலம் விட்டுத் தைத்திருக்கிறார், ரவிக்கைகளின் கையையோ பிடித்துத் தைத்திருக்கிறார். கை மெலிந்துகொண்டே போயிருக்கிறது, வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. தன் உடம்பை அவரே அளவெடுத்து வைத்திருந்தார். அதைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நிலை. ரத்தத்தில் பார்க்கிற சிஏ-125 என்ற புற்றுநோய் மார்க்கர் 35-க்குள் இருக்க வேண்டும், அம்மாவுக்கு 1,840. சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி முற்றிய பிறகுதான் தெரியவரும் என்று மதுரையில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் மூன்று சைக்கிள் (சுற்று) கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடி மூன்று சைக்கிள் என்று திட்டம்.

ஏற்றிய இரண்டு மருந்தும் புதியவை அல்ல. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல். பிளாட்டினம் உலோகத்திலிருந்து வந்த முதல் மருந்தான சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1978-ல், அதன் தங்கை மாதிரியான கார்போபிளாட்டினுக்கு 1989-ல். பாக்லிடாக்சலை முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தார்கள், 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் இந்த இரண்டும்தான் அடிப்படை. விலை குறைவு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வந்துவிடும். பழைய மருந்துதானே என்று யாரும் குறைத்து நினைக்க வேண்டாம், மூன்று சைக்கிளில் அம்மாவின் மார்க்கரை 1,840-லிருந்து 96-க்கு இறக்கியது இந்தப் பழைய மருந்துதான்.

கீமோ நாட்களைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதியிருக்கிறார்கள். நாங்கள் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் சைக்கிள் முடிந்த பதினோராம் நாள் இரவு அம்மாவுக்கு 101 டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்து, காலையில் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். விடியற்காலை நடுக்கம் எடுத்து, கண் செருகி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெள்ளை அணுக்கள் மொத்தமே 900. ஐந்து நாள் ஐசியூ. அங்கே இருந்த நர்ஸ் அக்கா திட்டவில்லை, என் போனை வாங்கி அலாரத்தில் எழுதியே கொடுத்தார்: கீமோ போட்ட பிறகு 100.4 காட்டினால் நேரம் காலம் பார்க்காமல் வா, வரும்போது இன்ன தேதியில் கீமோ போட்டோம் என்று வாசலிலேயே சொல். பத்திலிருந்து பதினான்காம் நாள் வரைதான் கவுண்ட் அடியில் கிடக்கும். வீட்டில் வேலை செய்கிற தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

சரி, சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கண்ணுக்குத் தெரிந்த கட்டி எதையும் விட்டுவைக்கவில்லை என்றார்கள். அதற்கப்புறம் நான்காம், ஐந்தாம் கீமோ. ஐந்தாவது கீமோ ஏறிக்கொண்டிருந்த அன்றைக்கு, எங்கள் டாக்டர் விடுமுறையில் இருந்ததால் பதிலாக வந்த ஓர் இளம் பெண் டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிராக்கா டெஸ்ட் எங்கம்மா?" என்று கேட்டார். அப்படி ஒரு பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா என்றார். பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, 47 வயதில் மார்பகப் புற்றுநோயில் போனவர். ஆறு மாதமாக ஒருவரும் எங்களிடம் அதைக் கேட்கவில்லை. நாங்களாகச் சொல்லவும் தெரியவில்லை, மார்புக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தோம்.

பிராக்கா என்பது எல்லோர் உடம்பிலும் இருக்கிற மரபணு. பிராக்கா-1, பிராக்கா-2 என்று இரண்டு. உயிரணுவுக்குள் இருக்கிற டிஎன்ஏ பழுதானால் சரிசெய்வது அதன் வேலை. அதில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆனால் அதே கோளாறு மருந்துக்கு ஒரு வாசலையும் திறந்துவிடுகிறது. அம்மாவுக்கு நான் இதை எப்படிப் புரியவைத்தேன் என்றால், துணியில் ஒற்றை இழை அறுந்தால் உடனே ஊசியில் ஓட்டி அடைக்கிற ஒரு கைவேலைக்காரர் இருக்கிறார், அவர் பெயர் பார்ப். துணி குறுக்கே முழுசாக வெட்டுப்பட்டுவிட்டால், அதே மாதிரி இன்னொரு துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தைக்கிற பெரிய டெய்லர் வேண்டும், அவர்தான் பிராக்கா. உன் புற்றணுக்களில் பெரிய டெய்லர் இல்லை. கைவேலைக்காரரை மட்டும் வைத்துக்கொண்டு அவை பிழைக்கின்றன. மாத்திரை போட்டு அவரையும் தடுத்துவிட்டால், அறுந்த இழையெல்லாம் பெரிய வெட்டாகி, தைக்க ஆளில்லாமல் அந்த அணு செத்துவிடும். நல்ல அணுக்களில் பிராக்காவின் ஒரு நல்ல பிரதி மிச்சம் இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப அந்த மாத்திரையைக் கேளு" என்றார்.

2005-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அதிலிருந்து வந்த முதல் மாத்திரையான ஓலாபாரிபுக்கு 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2018-ல் சோலோ-1 என்ற ஆய்வின் முடிவு வந்தது. பிராக்கா கோளாறு உள்ள, புதிதாக நோய் கண்டு கீமோவுக்கு நன்றாகக் கேட்ட 391 பெண்கள். கீமோ முடிந்ததும் ஒரு சாராருக்கு இந்த மாத்திரை, இன்னொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. நோய் திரும்புவதோ உயிர் போவதோ ஆன ஆபத்து 70 சதவீதம் குறைந்தது. 7 ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது மாத்திரை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், எடுக்காத பக்கத்தில் 46.5 சதவீதம். மூன்றாம், நான்காம் நிலைக்காரர்களிடம் இப்படி ஒரு கணக்கு முன்பு கிடையாது.

ஆனால் மாத்திரையைக் கடைசி கீமோ முடிந்து சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும், அந்த ஆய்விலேயே 8 வாரக் கெடு. பிராக்கா ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும். ஆறாவது கீமோவுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. நோய் உறுதியான அன்றைக்கே ரத்தம் கொடுத்திருந்தால் ரிப்போர்ட் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கையில் இருந்திருக்கும், நாங்கள் அந்த இரண்டு மாதம் அப்படித் தவித்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். சினைப்பைப் புற்றுநோய் என்று பயாப்ஸி வந்துவிட்டால், குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், வயது எதுவானாலும், பிராக்கா டெஸ்ட் எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று அதே வாரத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

டெஸ்ட் இரண்டு விதம். ஒன்று ரத்தத்தில் எடுப்பது, பிறவிக் கோளாறைக் காட்டும். இன்னொன்று கட்டியிலேயே எடுப்பது, கட்டியில் மட்டும் உண்டான கோளாறும் அதில் தெரியும், டிஎன்ஏ வெட்டைத் தைக்கிற வேலை கட்டியில் கெட்டிருக்கிறதா என்று காட்டுகிற எச்ஆர்டி என்ற அளவும் அதில்தான் பார்ப்பார்கள். பிராக்கா சரியாக இருந்தும் எச்ஆர்டி பாசிட்டிவ் என்று வந்தால் மாத்திரை பலன் தர வாய்ப்புண்டு, கட்டிக்குப் புது ரத்தக் குழாய் வளராமல் தடுக்கிற பெவாசிசுமாப் ஊசியோடு சேர்த்துக் கொடுக்கிற முறையும் இருக்கிறது. கட்டியில் எடுக்க வேண்டுமென்றால் பிளாக் வேண்டும். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். கையகலம்கூட இல்லை, தீப்பெட்டியைவிடச் சின்னது, பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. அதை லேப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மே மாத வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று ஈரத்துணி சுற்றிய டிபன் பாக்ஸுக்குள் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஆபரேஷன் ஓர் இடம், கீமோ இன்னோர் இடம் என்று மாறுகிறவர்கள் இந்த பிளாக் எங்கே இருக்கிறது, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். நோய் பின்னால் திரும்பினாலும் அதே பிளாக்கைத்தான் தேடுவார்கள். ஃபோலேட் ரிசெப்டர் என்ற குறி கட்டியில் அதிகமாக இருந்தால், அதைக் குறிவைத்துக் கீமோவைச் சுமந்துபோகிற மிர்வெடுக்சிமாப் என்ற ஊசிக்கு 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி வந்தது. பிளாட்டினம் கேட்காமல் போனவர்களுக்கானது. ஹெர்-2 என்ற குறி நிறைய இருந்தால் டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற ஊசி. இப்போது வருகிற மருந்தெல்லாம் இப்படித்தான், முதலில் டெஸ்ட், அப்புறம்தான் மருந்து.

அம்மாவுக்கு பிராக்கா-1 பாசிட்டிவ். கடைசி கீமோ முடிந்த ஏழாவது வாரம், 2022 ஜூலையில், ஓலாபாரிப் தொடங்கியது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு, 150 மில்லிகிராம் மாத்திரைகள். இரண்டு வருடம்.

விலை? முதல் மாதச் சீட்டைப் பார்த்துவிட்டு அப்பா வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். லட்சத்தைத் தாண்டிய தொகை. ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க்கர்தான் மருந்துக் கம்பெனியின் நோயாளி உதவித் திட்டத்துக்கு மனுப் போட்டுக் கொடுத்தார், அது இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் நிறுத்தியிருப்போம். இப்போது இந்தியக் கம்பெனிகளும் இதே மருந்தைத் தயாரிக்கின்றன, விலை நன்றாகக் குறைந்திருக்கிறது. பணம் புரட்டுவதற்கு முன்னால் சோஷியல் வொர்க்கர் எங்கே உட்காருகிறார் என்று விசாரியுங்கள். நகையை அடகு வைப்பதெல்லாம் அப்புறம்.

மாத்திரைதானே, கீமோ மாதிரி இருக்காது என்று நினைத்தோம். அப்படியும் இல்லை. இரண்டாம் மாதம் ஹீமோகுளோபின் 7.2-க்கு இறங்கியது. வருகிற உறவினர் எல்லோரும் பீட்ரூட், பேரீச்சை, முருங்கைக்கீரை என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், அம்மாவும் மறுக்க மனமில்லாமல் சாப்பிட்டார். இது இரும்புச்சத்துக் குறைவு அல்ல, மருந்து எலும்பு மஜ்ஜையை அடக்குவதால் வருவது என்று டாக்டர் விளக்கினார். பி-12, ஃபோலிக் அமிலம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, மாத்திரையை மூன்று வாரம் நிறுத்தி, பிறகு ஒரு வேளைக்கு 300-லிருந்து 250 மில்லிகிராமாகக் குறைத்துத் தொடங்கினார்கள். அளவைக் குறைத்தால் மருந்து வேலை செய்யாதோ என்று எனக்கு ஒரே பயம். குறைத்த அளவில் இரண்டு வருடமும் விடாமல் எடுப்பது, முழு அளவில் தொடங்கித் தாங்காமல் பாதியில் விடுவதைவிட மேல் என்றார். அப்படியே ஆயிற்று. நூறு பேரில் ஓரிருவருக்கு இந்த மருந்தால் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வகையும் வரலாம், அதையும் ஒளிக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மாதம் தவறாமல் ரத்த டெஸ்ட் என்பது அதற்காகவும்தான்.

இன்னொன்று, இது நூலிழையில் தப்பியது. அம்மாவுக்கு இடுப்பில் படர்தாமரை வந்தது. ஊரில் தோல் டாக்டரிடம் தம்பி கூட்டிப்போனான், அவர் இட்ராகொனசோல் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பூஞ்சை மருந்து, ஓலாபாரிப் கல்லீரலில் கரைவதைத் தடுத்துவிடும், உடம்பில் மருந்து தாறுமாறாக ஏறிவிடும். மருந்துக் கடைக்காரப் பெண் அம்மா வழக்கமாக வாங்குவதை ஞாபகம் வைத்திருந்து, கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று திருப்பி அனுப்பினார். அவருக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது. அன்றையிலிருந்து அம்மாவின் பர்ஸில் ஒரு சீட்டு: மாத்திரையின் பெயர், அளவு, டாக்டர் போன் நம்பர். சாதாரண ஆன்டிபயாடிக் சிலவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. கிரேப்ஃப்ரூட் பழமும் கூடாது. நாட்டு மருந்து, சூரணம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான். ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக்கூடாது, விட்டதை விட்டுவிட வேண்டியதுதான்.

கீமோவுக்காக டே கேரில் உட்கார்ந்திருந்த நாட்களில் பழக்கமான இரண்டு பேரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர், கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய். மாதவிடாய் நின்று எட்டு வருடம் கழித்து ஒரு துளி ரத்தம் பட்டதும் மறுநாளே ஓடி வந்தவர். டிஎன்ஏ நகலெடுக்கும்போது வருகிற பிழையைத் திருத்துகிற வேலை கட்டியில் நடக்கிறதா என்று பார்க்கிற எம்எம்ஆர் டெஸ்டை அவருக்கு எடுத்து, அது கெட்டிருக்கிறது, நோய் திரும்பினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற இம்யூனோதெரபி உங்களுக்கு நன்றாகக் கேட்கும் என்று சொல்லியிருந்தார்கள். 2023-லிருந்து அந்த வகைக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியைக் கீமோவோடு சேர்த்து முதலிலேயே கொடுக்க அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது. இன்னொருவர் கட்டட வேலை செய்கிற அக்கா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், தினமும் கரண்ட் வைத்தல் (கதிர்வீச்சு), வாரம் ஒரு சிஸ்பிளாட்டின். அந்த நோய்க்கு 2024-ல் வெளியான இன்டர்லேஸ் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. கதிர்வீச்சுக்கு முன்னால் ஆறு வாரம் அதே கார்போபிளாட்டின், அதே பாக்லிடாக்சல், வாரம் ஒரு தடவை. 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 72-லிருந்து 80 சதவீதமானார்கள். இந்தியப் பெண்களும் பங்கெடுத்த ஆய்வு, நம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கிற மருந்துகள். அந்த அக்கா சிகிச்சைக்கு வந்தபோது இந்த முடிவு வரவில்லை.

புது மருந்து எல்லாமே எல்லோருக்கும் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். நோய் திரும்பத் திரும்ப வந்து, இரண்டு மூன்று விதக் கீமோவுக்கு மேல் எடுத்து ஓய்ந்தவர்களுக்கு, பார்ப்பைத் தடுக்கிற இதே மாதிரி மாத்திரைகளைக் கொடுக்கலாம் என்று முன்பு இருந்த அனுமதியை, 2022-ல் கம்பெனிகளே அமெரிக்காவில் திரும்பப் பெற்றுக்கொண்டன, அந்தக் கட்டத்தில் கீமோவைவிட ஆயுள் குறையலாம் என்று தெரிந்ததால். ஒரே மாத்திரை, கொடுக்கிற நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 ஜூலையில் அம்மாவின் மாத்திரை முடிந்தது. மார்க்கர் கடைசியாகப் பார்த்தபோது 11. பாக்லிடாக்சலால் விரல் நுனியில் வந்த மரமரப்பு முழுசாகப் போகவில்லை, ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைத்தான் கூப்பிடுகிறார், ஆனால் மெஷினில் உட்கார்கிறார். போன தீபாவளிக்கு ஒன்பது ரவிக்கை தைத்தார்.

எனக்கும் டெஸ்ட் எடுத்தோம். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்குப் பாசிட்டிவ். 39 வயதில், இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்து, சினைப்பையையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டேன். திடீரென்று மாதவிடாய் நின்றால் உடம்பு என்ன பாடுபடும் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ராத்திரியில் அனல் அடித்து எழுந்து உட்காருவேன், ஒன்றுமில்லாததற்கு அழுகை வரும். அதற்கும் மருந்து இருக்கிறது, கேட்க வெட்கப்பட வேண்டாம். மார்புக்கு வருடா வருடம் எம்ஆர்ஐ எடுத்துக்கொள்கிறேன்.

தம்பிதான் இரண்டு வருடமாகத் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். "பொம்பளைங்க நோய்க்கு எனக்கு எதுக்குக்கா டெஸ்டு?" என்பான். ஆணிடமும் இந்தக் கோளாறு இருக்கும், அவனுக்கே புராஸ்டேட்டிலோ மார்பிலோ வரலாம், வராவிட்டாலும் அவன் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நான் சொல்லிக் கேட்காதவன், போன மாதம் அம்மா சொன்னதும் எதுவும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா அப்படி என்ன சொன்னார் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.